அக்காவின் கைக்கு எட்டும் வீடு

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், முதல் மாடியில் இருக்கிறது என் அக்காவின் வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. அக்கா பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். திருமணம் செய்துகொள்ளவில்லை. கண் அழுத்த நோயால் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரியும். அப்போதும் தனியாகவே சமாளித்து வந்தாள். ஒருநாள் கூடத்தில் கிடந்த பழைய பேப்பர் கட்டு காலைத் தடுக்கி, நெற்றியில் தையல் போடும்படி ஆகிவிட்டது.

படப்பையிலிருந்து அண்ணன் ஓடி வந்தான். அக்காவுக்குத் தம்பி, எனக்கு அண்ணன்.

"போதும்க்கா. சாமான கட்டு. எங்க வீட்டுல கீழ் ரூம் சும்மாதான் இருக்கு."

"உங்க வீட்டுச் சாமானுக்கு நடுவுல கண்ணு தெரியறவங்களே தட்டித் தடவித்தான்டா நடக்கறாங்க."

"கிண்டல் பண்ணாத. அடுத்த தடவ கேஸ் அடுப்பு மேல விழுந்தா யாரு வருவா?"

அக்கா ஒரு மாதம் அவகாசம் கேட்டாள். மாதக் கடைசியில் சபைப் பெண்களின் வீட்டு ஜெபம் அவள் வீட்டில் நடக்கும் முறை வந்திருந்தது. "அன்னிக்கு நீயும் வா. எல்லாரும் போனதும் உனக்கு என் கையால ஒரு காபி போட்டுத் தரேன். யாரும் உதவக் கூடாது. முடியலன்னா நானே பெட்டி கட்டறேன்."

அண்ணன் சம்மதித்தான். வீட்டை ஒழுங்குபடுத்தும் வேலை எனக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் ஒழுங்குக்காரி என்று பெயர் வாங்கியவள் நான்தான். நாட்குறிப்பில் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது என்று இருப்பவள். அலுவலகம் முடிந்து தினமும் போனேன். முதல் வேலையாக மளிகை டப்பாக்கள் எல்லாவற்றையும் துடைத்து, அளவுப்படி வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி அழகாகப் பெயர் எழுதினேன். அக்கா ஒரு டப்பாவை எடுத்து விரலால் தடவினாள்.

"என்னடி இது, பேப்பர் மாதிரி இருக்கு?"

"லேபிள்க்கா."

அவள் சிரித்த சிரிப்பில் நானும் அடுக்களையிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.

பிறகு அவள் சொன்னபடி செய்தேன்; சீட்டுகளைக் கிழித்துவிட்டு, அடையாளத்துக்கு உப்பு டப்பாவில் ரப்பர் பேண்டு சுற்றினேன். அவளுடைய விதி ஒன்றே ஒன்று: ஒரு பொருளுக்கு முன்னால் இன்னொரு பொருள் நிற்கக் கூடாது. "பின்னாடி இருக்கறது எனக்கு இல்லாத மாதிரிதான். கைய நீட்டினா முதல்ல தட்டுப்படறதுதான் சாமான்." அப்படியானால் அலமாரியின் ஒரு தட்டில் ஒரே வரிசைதான். அந்த வரிசையில் இடம் கிடைக்காதவை வீட்டை விட்டுப் போக வேண்டும்.

போயின. கல்யாண வீடுகளில் வந்த எவர்சில்வர் டம்ளர்கள், ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் மடித்து வைத்த கட்டைப்பைகள், மூடி தொலைந்த ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஓய்வு பெற்ற நாளில் மாணவிகள் கொடுத்த சுவர்க்கடிகாரங்கள். கடிகாரங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாள். "இதுக்குச் சத்தம் நல்லா கேக்குது."

பீரோவின் ஒரு தட்டு முழுக்க வசன காலண்டர்களும், புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளும் இருந்தன. வேத வசனம் அச்சிட்ட எதையும் குப்பையில் போட எங்கள் வீடுகளில் மனம் வராது. வருடம் முடிந்ததும் கழற்றிப் பத்திரப்படுத்திவிடுவோம். இதைத் தொடவே எனக்குத் தயக்கமாக இருந்தது.

"எந்தப் புத்தகம், எந்த அதிகாரம், எந்த வசனம்னு மட்டும் படி," என்றாள் அக்கா.

நான் பெயரையும் எண்ணையும் படித்தேன். அவள் வசனத்தைச் சொன்னாள். அடுத்ததைப் படித்தேன், சொன்னாள். தடுமாற்றமில்லை, யோசனையில்லை, நான் வாய்மூடுவதற்குள் பதில் வந்தது. சொல்லி முடித்ததும் கை நீட்டி அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டாள். அந்த அறையில் ஏதோ பெரியதொன்று நடப்பதாகத் தோன்றியது. ஒரே ஒரு அட்டையில் நின்றுவிட்டாள்.

"அது இருக்கட்டும். இன்னும் மனப்பாடம் ஆகல. மத்ததெல்லாம் சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் குடு, வெட்டி ஒட்டட்டும்."

மாதம் முடிவதற்குள் கூடத்தின் தரை முழுதாகத் தெரிந்தது. ஜன்னலிலிருந்து விழும் வெயில் எதிர்ச் சுவர்வரை தடையில்லாமல் போனது. அக்கா அந்த வெயிலில் நின்று, "இப்ப வீடு பெரிசா இருக்குல்ல? சத்தமே வேற மாதிரி கேக்குது," என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை அண்ணனும் வந்திருந்தான். ஜெபத்துக்கு வந்த பெண்கள் பாடி முடித்து, அவர்களில் ஒருவர் போட்ட காபியும் குடித்தார்கள். நாங்கள் யாரும் எதிர்பாராதது அதற்குப் பிறகு நடந்தது. எங்கள் சபைப் பெண்கள் ஜெபம் நடந்த வீட்டில் எச்சில் டம்ளரைப் போட்டுவிட்டுப் போக மாட்டார்கள். "டீச்சர், நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சமையலறைக்குள் புகுந்து, கழுவி, துடைத்து, தங்கள் தங்கள் வீட்டு வழக்கப்படி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். சர்க்கரை இருந்த இடத்தில் உப்பு. பால் பாத்திரத்துக்குள் வடிகட்டி, அதன் மேல் மூன்று தட்டு. கத்தி மேடையின் ஓரத்தில்.

அண்ணன் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "இதத்தான் சொல்றேன். நீ அடுக்கி வைப்ப, ஊரே வந்து கலைச்சிட்டுப் போகும்."

"நான் எடுத்து வெச்சிடறேன்," என்றேன்.

"ரெண்டு பேரும் வெளிய வாங்க," என்றாள் அக்கா.

சமையலறை வாசல்படியில் நின்று பார்த்தோம். அவள் முதலில் மேடையின் உட்பக்கத்திலிருந்து புறங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே ஓரம்வரை வந்தாள். கத்தியின் பிடி தட்டுப்பட்டது. எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். பிறகு அலமாரியில் தட்டு தட்டாகக் கை ஓடியது. டப்பாவைக் குலுக்கினாள், மூடியைத் தடவினாள், ரப்பர் பேண்டு சுற்றியதை உப்பென்று இடம் மாற்றினாள். இருந்ததே கொஞ்சம் பொருள்தான்; ஒளிந்துகொள்ள எதற்கும் பின்வரிசை இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சமையலறை பழையபடி ஆனது.

அடுப்பு லைட்டர் மட்டும் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, தண்ணீர் ஃபில்டரின் தலைமேல் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்தான்.

அக்கா அசையாமல் நின்றாள். "அடுப்பு பத்த வெச்ச சிஸ்டர் நல்ல உயரம்ல? அவங்க பேசினப்ப குரல் மேலேருந்து வந்துச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு குதிகால் உயர்த்தி ஃபில்டரின் மேல் கை நீட்டி லைட்டரை எடுத்தாள்.

எத்தனையோ வருடங்களாகப் பார்த்த அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கோயிலில் பலிபீடத்துக்கு முன்னால் நிற்கும்போது பேச்சு அடங்கிப்போகுமே, அப்படி அடங்கி நின்றேன்.

பால் பொங்கும் ஒலி வந்ததும் அடுப்பைத் தணித்தாள். காபியை அண்ணன் கையில் கொடுத்தாள்.

அவன் ஒரு வாய் குடித்தான். "சக்கர பத்தல."

"டாக்டர் உனக்குச் சொன்ன அளவு அதான்டா."

அண்ணன் மீதியைக் குடித்து முடித்தான். கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே வரும்போது அவன் கழற்றிப்போட்ட ஹெல்மெட் நடைவழியில் கிடந்தது. போய் அதைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"அக்கா, நான் வர்றப்ப இத எங்க வைக்கணும்?" என்று கேட்டான்.