திஞ்ஞான் தண்ணீர் குடித்த விறகு

பர்மிய நகரப் பகுதியான தாகேதாவில் கரண்ட் நிலையில்லாமல் போனதிலிருந்து சத்யபாமாவின் தோசைக்கடை வார்ப்பிரும்பு விறகடுப்பை நம்பித்தான் ஓடியது. விறகு காய்ந்திருந்தால் புகைக்குழாயில் எளிதில் தீப்பிடிக்கும் புகைப்பிசினான கீல் படியாது என்று வெயிலில் அடுக்கிக் காயவைத்திருந்தாள்.

புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஞான் வந்தது. அவள் கணவன் சபாபதி, கூட்டாளிகளைச் சிரிக்கவைக்க, வாளி வாளியாக அந்த விறகின் மேலேயே ஊற்றினான்.

"அட பாவி மனுஷா!"

"திஞ்ஞான் தண்ணிக்குக் கோவிச்சுக்கக் கூடாது, பாமா. புண்ணியம்!"

ஊர் வழக்கம் அதுதான். வேறு விறகுக்கு வழியில்லாமல், ஈர விறகையே எரித்தாள். அடுப்பு எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். குழாயின் உள்ளே கீல் தார்போலத் தடித்தது.

"குழாயைக் கழட்டிச் சுரண்டிக் குடுங்க."

"நாளைக்குப் பாக்கலாம்."

தினமும் இதே பதில். கடைசியில் ஒரு காலை கீல் பற்றிக்கொண்டது. குழாய் சிவந்து உறுமியது. சபாபதி ஓடிவந்து, அவள் தடுப்பதற்குள், அடுப்புக்குள் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான். நெருப்பு அணைந்தது. பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டதும் அடுப்பும் பிளந்தது. கடையும் அதோடு சரி.

"தெரியாமப் பண்ணிட்டேன். கோவிச்சுக்காதே, பாமா."

"திஞ்ஞான் முடிஞ்சு போச்சுங்க," என்று சொல்லிவிட்டு, அரைத்த மாவை அவன் காலடியில் ஓடிய சாக்கடையில் கவிழ்த்தாள்.