மாடிக் குழாயில் மூன்று நிமிடம்

இதில் ஒரு சொட்டுகூடக் கலப்படம் இல்லை. அந்த வீட்டு மாடிக் குளியலறைக்கு இன்றுவரை கதவு கிடையாது. சந்தேகப் பேர்வழிகள் நேரில் போய்ப் பார்க்கலாம்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். ஓய்வு பெற்றது பொறியாளர்தான், தலைமை பெறவில்லை. அக்கம்பக்கத்தில் 'சீஃப்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் புதிதாக வாங்கிய பழைய வீட்டில், மாடிக் குழாயில் சுடுதண்ணீர் வர மூன்று நிமிடம் ஆனது. அதுவரை பச்சைத் தண்ணீர்தான் ஓடும். சீஃபுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

ஒரு பம்பு வாங்கினார். பொத்தானை அமுக்கினால் போதும், குழாயில் ஆறிக் கிடக்கும் தண்ணீரை ஹீட்டருக்கே திருப்பி அனுப்பிவிட்டு, சூடானதை இழுத்து வந்து நிறுத்தும். பிளம்பரைக் கூப்பிடுவது கௌரவக் குறைச்சல் என்று தானே மாட்டினார்.

"இருபது செகண்ட்!"

"தெருத் தெருவா தண்டோரா போட்டுட்டு வாங்க" என்றார் மனைவி.

மறுநாள் காலை 6.05. அமுக்குவதற்கு முன்பே பம்பு உறுமிக்கொண்டிருந்தது.

"நீ அமுக்கினியா?"

"நான் இன்னும் பல்லே தேய்க்கல."

மூன்றாம் நாள், அதே 6.05. குழாய் மூடியிருந்தது. ஆனால் கண்ணாடியில் நீராவி. தரையெல்லாம் ஈரம்... யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு நகர்ந்ததுபோல. சீஃப் பொத்தானின் வயரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. தன் வேலையில் கோளாறு என்று அவர் யாரிடமும் சொன்னதே கிடையாது.

நான்காம் நாள், 6.05. மனைவி உள்ளே போய்த் தாழ் போட்டார்.

6.06. உர்ர்ர்...

"ஏங்க... குழாய் தானா திறக்குது! கொதிக்குதுங்க!"

"வெளிய வா!"

"தாழ எடுத்துட்டேன்! நீங்க கதவ விட்டாத்தானே!"

அவர் கதவைத் தொடவே இல்லை.

ஓடிப்போய் மெயினை அணைத்தார். விளக்குகள் அணைந்தன. பம்பு அணையவில்லை.

உர்ர்ர்...

தோளால் மோதினார். கதவு கொஞ்சம் நகர்ந்தது. பிறகு உள்ளிருந்து ஏதோ அதில் சாய்ந்தது. மெதுவாக... கனமாக...

மனைவியின் அலறல் கதவருகே இல்லை. எதிர் மூலையில் கேட்டது.

கடப்பாரை. ஒரு அடி. இன்னொன்று. இன்னொன்று...

கதவு பிளந்தது. மனைவி ஜன்னல் திட்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே வெந்திருந்தது.

வேறு யாரும் இல்லை.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அந்த வீட்டுக்குக் குழாய் போட்ட பழைய பிளம்பரைத் தேடிப் பிடித்தார் சீஃப். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிளம்பரை 'சார்' என்றார்.

"முன்ன இருந்தவங்கதான் பைப்ப வீட்டச் சுத்தி இருநூறடி கூடப் போடச் சொன்னாங்க. சுடுதண்ணி லேட்டாத்தான் வரணுமாம். மூணு நிமிஷமாவது வேணும்னாங்க."

"எதுக்கு சார்?"

"கொதிதண்ணி வர்றதுக்குள்ள கதவ உடைக்க."

சீஃபுக்குத் தன் இருபது செகண்ட் நினைவுக்கு வந்தது.

"மொத தடவ ரெண்டரை நிமிஷம் ஆயிடுச்சாம்."