ஒக்பூன் அக்காவின் பாதிப் பங்கு

ஒக்பூன் அக்காவுக்கு வாய் நீளம். பிரசங்கம் நீண்டால் முதல் வரிசையில் உட்கார்ந்து இருமியே போதகரை முடிக்க வைத்துவிடுவாள். எங்கள் தீவுக்கு வாக்கப்பட்டு வந்த சில வருடங்களிலேயே புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். அதன் பிறகு கடல் வற்றும்போது சேற்றில் மட்டி தோண்டியே இரண்டு பெண்களையும் இஞ்சோன் பட்டணத்தில் படிக்க வைத்தாள். கோயில் மணிக்கயிறும் அவள் பொறுப்புதான்.

எங்கள் சபைப் பெண்கள் சேற்றுவெளிக்குத் தனியாகப் போவதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சோடி பிரித்துக்கொள்வோம். யார் எவ்வளவு தோண்டினாலும் ஆளுக்குப் பாதி. சோடியை விட்டுவிட்டுக் கரையேறக் கூடாது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முழங்கால் தேய்ந்த தொக்சூனோடு சேர மட்டும் எவளுக்கும் மனசு வராது. நாம் இரண்டு கூடை தோண்டினால் அவள் அரைக் கூடை தோண்டுவாள்.

"இந்த ஆமைய என் தலையிலதான் கட்டுவீங்களாடி?" என்று திட்டிக்கொண்டே ஒக்பூன் அக்காதான் எப்போதும் அவளைக் கூட்டிப் போவாள்.

அன்றைக்கு அக்காவுக்குக் காய்ச்சல். தொக்சூனை யாராவது சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பிப் படுத்துவிட்டாள். நாங்களும் அப்படித்தான், அடுத்தவள் சேர்த்துக்கொள்வாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்தோம்.

மதியம் பனிமூட்டம் இறங்கியது. சேற்றில் சறுக்கிப் போகும் பலகைகளைத் தள்ளிக்கொண்டு அவசரமாகக் கரையேறினோம். அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"தொக்சூன் எங்க?"

"மியோங்னே, உன் கூட வரலியா?" என்று நான் பக்கத்தில் நின்றவளைக் கேட்டேன்.

"நீ கூட்டிட்டு வந்தேன்னுல்ல நான் நெனச்சேன்!"

கடல் ஏறத் தொடங்கியிருந்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடி, "தொக்சூன்! தொக்சூன்!" என்று கத்தினோம்.

"வாய மூடுங்கடி!" அக்கா போட்ட சத்தத்தில் எல்லோரும் நின்றோம். "நாலு பக்கமும் கத்தினா அவ எந்தப் பக்கம்னு வருவா? இந்த மூட்டத்துக்குள்ள ஒரே சத்தம்தான் கேக்கணும்."

போர்வையை உதறிவிட்டு மணிக்கூண்டுக்கு ஓடினாள். மணி அடிக்க ஆரம்பித்தது. ஒருத்தி முங்கிக்கொண்டிருக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் போலக் கொடுமை வேறில்லை. மீட்புப் படகுக்குச் சொல்லியாயிற்று. ஆழமில்லாத இடத்துக்கு அது வர முடியாது. சிப்பிப் பாறைகள் மறைந்தன. வழி தெரிய நட்டிருந்த மூங்கில் கழிகளும் தண்ணீருக்குள் மறைந்தன. அக்காவின் உள்ளங்கை தோல் உரிந்ததும் போதகர் கயிற்றை வாங்கினார். அவருக்குப் பின்னால் நாங்கள் ஒவ்வொருத்தியாக இழுத்தோம்.

தண்ணீர் கரைப்படியைத் தொட்டது. போதகர் மெதுவாக, "அக்கா, இனிமே..." என்றார்.

"இனிமே என்ன? செத்துட்டாளா? நீங்க பாத்தீங்களா? இழுங்கய்யா!"

மறுபடி இழுத்தோம். எவ்வளவு நேரமென்று தெரியாது. மூட்டத்துக்குள் தண்ணீர் அளையும் சத்தம் கேட்டது. பலகைமேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு வந்தாள் தொக்சூன். உதடு நீலம் பாரித்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்துப் போட்டோம்.

அக்கா ஓடி வந்து அவள் முதுகில் ரெண்டு சாத்தினாள். "எருமை! கடல் ஏறுறது கண்ணுக்குத் தெரியல? எல்லாரும் திரும்புறப்பவே வந்து தொலைக்கிறதுக்கென்ன?"

தொக்சூன் நடுங்கிக்கொண்டே பலகையில் கட்டியிருந்த கூடையைக் காட்டினாள். விளிம்பு வரைக்கும் மட்டி.

"நீ காய்ச்சல்ல கெடக்குறியேக்கா. என் அரைக் கூடையில உனக்கு என்ன பாதி குடுக்குறது? எனக்குக் கை சுறுக்கா ஓடாதா... அதான் நேரமாயிருச்சு."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு ஊர் கேட்க அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். எங்கள் கூடைகள் கரையில் நிரம்பி நின்றன. அவற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக எங்களில் ஒருத்திக்கும் கை வரவில்லை.