இடது பக்கத்துப் பெருக்கல் குறி

என் வீட்டுக்காரர் கண்ணாடி தூக்குகிறவர். கைக்கு அடங்குகிற முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. கடை வாசலுக்கும் மாடி ஜன்னலுக்கும் மாட்டுகிற ஆள் உயரக் கண்ணாடி. தனியாளாகத் தூக்க முடியாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். முன்னால் போகிறவர் வழி சொல்லிக்கொண்டே போகவேண்டும். "படி", "திருப்பம்", "மேல கம்பி" என்று குரல் வந்துகொண்டே இருக்கும். பின்னால் வருகிறவர் அந்தக் குரலை நம்பித்தான் கால் வைப்பார். குரல் தப்பினால் கண்ணாடி மட்டுமா போகும், கையும் போகும்.

முன்பெல்லாம் முன்னால் போனவர் இவர், பின்னால் வந்தவன் என் கூடப் பிறந்த தம்பி. வாய் ஓயாததால் பட்டறையில் அவனுக்குக் குருவி என்று பேர். இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டவரே இவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் திடீரென்று வந்து, "மாமா, இனிமே நான் முன்னாடி போறேனே" என்று கேட்டான். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "உன் தம்பி தேறிட்டான், பாத்தியா! அவனே கேக்கறான்!" என்று பட்டறை முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் சந்தோஷம் இல்லையா என்ன? எதிர்வீட்டு அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

போன மாதம், படிக்கிற கண்ணாடியை மாற்றலாம் என்று மூன்று பேருமாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ஒரு பெட்டிக்குள் தலையை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். இவர் பாதிக்குமேல் அமுக்கவே இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரித்துவிட்டது, கிளாக்கோமா என்றார். இரண்டு கண்ணிலும் இடது ஓரம் போய்விட்டது, அதிலும் இடது கண் ரொம்ப மோசம்.

"இவ்வளவு தூரம் போற வரைக்கும் யாருமே கவனிக்கலையா? இடது பக்கம் இடிச்சிருப்பாரே?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "இல்லைங்க டாக்டர். ஒரு தடவைகூட இடிச்சதில்ல."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் வீடு இரண்டே அறை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அதில் நடப்பார். வெளியே போனால் குருவி கூடவே இருப்பான். நான் எதைக் கண்டேன்?

ஆபரேஷன் என்றதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். மூன்றாவது மாடி வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு கண்ணாடி மாட்டுகிறவர், ஆஸ்பத்திரி பெஞ்சில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கண்ண வெளியில எடுத்துட்டுத் திரும்ப வைப்பாங்களாமே?" என்று கேட்கிறார்.

"எடுத்தா கையோட துடைச்சுக் குடுக்கச் சொல்லுங்க மாமா. நம்ம பட்டறைத் துணி இருக்கு" என்றான் குருவி. அந்தப் பயத்திலும் இவர் சிரித்துவிட்டார். என் தம்பி இல்லாவிட்டால் இந்த மனிதரை யார் தேற்றியிருப்பார்கள் என்று அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது. நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குள் தேங்குகிற நீர் வடிய ஒரு சின்ன வழி செய்திருக்கிறார்கள். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது. தூங்கும்போது கண்மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு மூடி. சொட்டுமருந்து விட எனக்குக் கை நடுங்கும் என்பதால் வேலை முடிந்து வந்து தம்பிதான் விடுவான். எல்லாம் சரியாகி மறுபடியும் கண்ணாடி தூக்கலாம் என்று இவர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கட்டு பிரித்த பிறகுதான் டாக்டரம்மா உடைத்துச் சொன்னார். "போன பார்வை போனதுதான். இது, இருக்கறதக் காப்பாத்தறதுக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது. இனிமே இடது பக்கம் பாக்கணும்னா முகத்த முழுசாத் திருப்பிப் பாருங்க." பாரம் தூக்குகிற வேலையை மறந்துவிடச் சொன்னார். இவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

மறுநாள் பட்டறையில் கிடந்த அவருடைய சட்டையையும் பழைய மூக்குக்கண்ணாடியையும் எடுத்துவரப் போனேன். உள்ளே இரண்டு பக்கமும் கண்ணாடிகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். இடது பக்கம் இருந்தவற்றில் எல்லாம் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி. வலது பக்கம் ஒன்றில்கூட இல்லை. கண்ணாடியை ஒரு இடத்தில் மாட்டியபிறகு தூரத்திலேயே தெரிந்து யாரும் முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தக் குறியைப் போடுவார்கள். பட்டறைக்குள் எதற்கு?

அங்கே கண்ணாடிக்கு ஓரம் தேய்க்கிற அண்ணன் ஒருவரிடம் கேட்டேன்.

"அது குருவி வேலைம்மா. ரெண்டு வருஷமா தினம் காலைல வந்ததும் இடது பக்கத்துக்கு மட்டும் போட்டுடுவான். கேட்டா, ராசின்னு சொன்னான்."

ராசியாம்! இரண்டு வருஷம். முன்னால் போகிறேன் என்று கேட்டதும் இரண்டு வருஷம். சட்டையை எடுத்தேனா என்றுகூட நினைவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வழக்கம்போல மருந்து விட வந்தான். இவர் நாற்காலியில் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

"எப்பலேருந்துடா உனக்குத் தெரியும்?"

"என்னக்கா?"

"என் காதுல பூ சுத்தாத. பட்டறைக்குப் போயிட்டுத்தான் வந்திருக்கேன். இடது பக்கத்துக் கண்ணாடிய எல்லாம் பாத்துட்டேன்."

அவன் முகம் செத்துவிட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஒரு நாள் மாமாவுக்கு இடது பக்கம் கைக்கெட்டற தூரத்துல நின்னேன். கவனிக்காமலே தாண்டிப் போனாரு. கோபமோன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா, தூணும் தெரியல அவருக்கு. சொன்னா உடனே முதலாளி நிறுத்திடுவாரு. மாமா இல்லாம நான் யாரோடக்கா தூக்குவேன்? வேற ஆள் குரல நம்பிக் கால் வைக்க எனக்குப் பயம். நான் கூடவே இருந்து சமாளிச்சுக்கலாம்னு..."

"சமாளிச்ச லட்சணத்தப் பாரு! பாவி, அன்னிக்கே ஒரு வார்த்தை என் காதுல போட்டிருந்தா இந்தக் கண் நின்னிருக்குமேடா! டாக்டர் முகத்துக்கு நேராக் கேட்டப்பகூடப் பொய்யா சொன்ன?"

"பொய் இல்லக்கா. இடிக்க விட்டதே இல்ல நான்."

வேற்று ஆள் செய்திருந்தால் தெருவில் நின்று கத்தியாவது ஆறியிருப்பேன். கூடப் பிறந்தவனை என்ன சொல்லிக் கத்துவது?

இவர் நிமிர்த்தியிருந்த தலையை இறக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "முன்னாடி போறேன்னு கேட்டியே. அதுவும் இதுக்குத்தானா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ தேறிட்டேன்னு நினைச்சேன்டா" என்றார். "ஊரெல்லாம் சொன்னேன்."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு மருந்துப் புட்டியை எடுத்தான். இவர் கையை நீட்டி அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். "நீ விடு."

முதல் சொட்டு கன்னத்தில் விழுந்து வழிந்தது.

"கொஞ்சம் மேலக்கா, இடது..." என்றான் தம்பி, பழக்கதோஷம்.

"நீ சொல்லாத" என்றார் இவர். சத்தம் போடவில்லை. "சொல்லவேண்டிய அன்னிக்குச் சொல்லல. இனிமே எதுவும் சொல்லாத."

இரண்டாவது சொட்டு கண்ணில் விழுந்தது. கொஞ்ச நேரம் மூடியிருந்துவிட்டு எழுந்து உள்ளறைப் பக்கம் நடந்தார். வாசற்படிக்கு இடது பக்கம், நிலையை ஒட்டித் தம்பி நின்றுகொண்டிருந்தான். அவன் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. இவர் நின்றார். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி முகத்தை முழுசாக இடது பக்கம் திருப்பினார். நிலைக்குப் பதில் அவன்தான் தெரிந்தான். அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தள்ளி நில்லு" என்றார். "நானே பாத்துப் போயிக்கறேன்."