தாரகோனாவுக்கு ஒரு கல்லைப் பார்க்கப் போனோம்

சுற்றுலாக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவனுக்கு ஊர் பார்க்கக் கிடைக்காது. அவன் பார்ப்பதெல்லாம் பின்னால் வந்து சேராதவர்களைத்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும், ஒரு கல்யாண பஸ்ஸையாவது பொறுப்பெடுத்து நொந்தவர்களுக்கும் இது விளங்கும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு நடந்த அநியாயங்களை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கு பிசகினால் முதலாளிமார் இடையில் புகுந்து தப்பிவிடுவார்கள் என்பது தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள் எனக்குத் தந்த படிப்பு. வேறு படிப்பு எனக்கு இல்லை, தேவைப்பட்டதும் இல்லை. முதலாவது, ஓக்லண்டில் விரி என்னும் பகுதியில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிய காலத்தில் தேநீர் இடைவேளையைச் சுருக்கினார்கள். நான் ஆட்களைச் சேர்த்து எதிர்த்தேன். இடைவேளை திரும்பி உள்ளே வந்தது, நான் வெளியே போனேன். இரண்டாவது, வீடு வீடாகப் போய் நான் ஆள் சேர்த்த சங்கத்தில் என் நாற்காலியைப் பட்டம் பெற்ற ஒரு பொடியனுக்குக் கொடுத்தார்கள். அவன் என்னை ‘முன்னோடி’ என்று அழைத்தான். நாற்காலி போனதைவிட அதுதான் வலித்தது. மூன்றாவது, அதே ஓக்லண்டின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் உள்ள பயண முகவர் ஒருவர் என் குரலுக்காகவே என்னை வேலைக்கு எடுத்துவிட்டு, குரலை உயர்த்தக்கூடாது என்று நிபந்தனை போட்டார். நான்காவது, தாரகோனா.

தாரகோனா ஸ்பெயினில், மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள பழைய ரோமானிய நகரம். அங்கே ஒரு காலத்தில் யூதர்களும் வாழ்ந்தார்கள். ஐந்நூறு வருடத்துக்கு முன் நாட்டை விட்டே துரத்தப்பட்டார்கள். எங்கள் முதலாளி பயணத் திட்டத்தில் ரோமருக்கு முழு நாளையும் எழுதிக் கொடுத்து, யூதர் தெருக்களுக்கு எதிரே ‘நேரம் இருந்தால்’ என்று போட்டிருந்தார். அந்த இரண்டு சொல்லையும் நான் எல்லா முதலாளிமாரிடமும் கேட்டிருக்கிறேன்.

வடைக்கும் தேநீருக்கும் நடுவில்

பயணத்துக்கு முன் மவுண்ட் வெல்லிங்டன் அலுவலகத்தின் பின்னறையில் ஒரு கூட்டம் வைப்போம். தொப்பி கொண்டுவாருங்கள், ஊறுகாய்ப் போத்தலைக் கைப்பையில் வைக்காதீர்கள் என்று சொல்வதற்கான கூட்டம். எங்கள் ஆட்கள் அதை வடை சாப்பிடும் கூட்டமாக மாற்றிவிடுவார்கள். அன்று சுவரில் படம் காட்டிக்கொண்டிருந்தேன். கடலோரத்து ரோமானிய அரங்கம் போனது. ஒருவரும் தலை நிமிரவில்லை. தேவாலயம் போனது, சட்னி எங்கே என்று கேட்டார்கள். பிறகு ஒரு பழைய வீட்டின் படம் வந்தது. ஜன்னலுக்கு மேலே ஒரு நீளக் கல், அதில் எபிரேய எழுத்து. யூதர்களைத் துரத்திய ஊரில், அவர்களுடைய கல்லறைக் கல்லை எடுத்துவந்து யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள். அதில் செத்தவரின் பெயர் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது.

தவமணி வடையைக் கீழே வைத்தார். ஓக்லண்டிலேயே ஹில்ஸ்பரோவில் இருக்கிறார், முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் கதைக்காதவர். கூட்டம் கலைந்த பிறகு வாசலில் என்னைப் பிடித்தார். அவருடைய தம்பி இயக்கத்தில் சேர்ந்து ஊர்ச் சண்டையில் செத்தவன். ஊரில் அவன் பெயரில் ஒரு கல் நட்டிருந்தார்கள். பிறகு ஆமிக்காரர் வந்து அந்தக் கல்லையும் உடைத்து, நிலத்தை மட்டமாக்கிவிட்டார்கள். அவர் சொன்னது இதுதான்: “அண்ணை, எனக்கு அந்த அரங்கமும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம். அந்தச் சுவருக்கு முன்னால நிண்டு, நாலு பேர் கேக்க என்ர தம்பியின்ர பேரைச் சொல்லோணும். வீட்டில சொல்லேலாது.”

வீட்டில் ஏன் சொல்ல முடியாது

அதற்கான விடை விமான நிலையத்தில் கிடைத்தது. தவமணியின் கணவர் ராசதுரை வழியனுப்ப வந்திருந்தார், பயணத்துக்கு வரவில்லை. வந்த காலத்தில் அகதி விண்ணப்பத்துக்கு விசாரித்தபோது, மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள் ஒருவரும் இல்லை என்று சொன்னவர் அவர். தம்பி ஒருவன் இருந்தான் என்றால், எங்கே, என்ன செய்தான் என்று அடுத்தடுத்த கேள்விகள் வரும் என்ற பயம். விசா வந்தது, குடியுரிமை வந்தது, மகள் பிறந்து வளர்ந்து நேர்ஸாகவும் ஆகிவிட்டாள். பயம் மட்டும் போகவில்லை. அந்த வீட்டில் அந்தப் பெயர் ஒரு நாளும் சொல்லப்பட்டதில்லை. அப்படி ஒரு மாமன் இருந்தது மகளுக்கே தெரியாது.

தவமணி பெட்டியை நிறுக்கப் போன நேரத்தில் ராசதுரை என் கையைப் பிடித்தார். நான் காவல்துறையோடும் கதைத்திருக்கிறேன், முதலாளிமாரோடும் கதைத்திருக்கிறேன். பயந்த மனிதனுக்கு என்ன பதில் சொல்வது என்று எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் போட்டிருக்கவில்லை. அவர் சொன்னார்: “அவவுக்கு எல்லா இடமும் காட்டுங்கோ அண்ணை. அந்தக் கதையை மட்டும் சனத்துக்கு முன்னால எடுக்க விடாதேங்கோ. இல்லையெண்டு சொன்ன ஆளை இனி எப்பிடி இருந்தவன் எண்டு சொல்லுறது?”

பஸ்ஸில் ஒரு வாக்கெடுப்பு

பார்சிலோனாவில் தங்கி, ஒரே ஒரு நாள் பஸ்ஸில் தாரகோனா போய்த் திரும்புவது ஏற்பாடு. மறுநாள் ஓக்லண்டுக்கு விமானம். ‘நேரம் இருந்தால்’ என்பதை நான் ஒழித்தாக வேண்டும். கடற்கரையில் குளிக்க ஒதுக்கிய நேரத்தை யூதர் தெருவுக்கு மாற்றலாமா என்று முதல் நாள் மாலை கேட்டேன். கையைத் தூக்கச் சொன்னேன். தவமணியின் கை ஒன்று, என் கை ஒன்று. சுந்தர் என்று மதுரைக்காரர் ஒருவர், கணினி வேலை, மவுண்ட் வெல்லிங்டனில் வீடு. “ஒரே ஒரு கல்ல பாக்குறதுக்கு கடல விடச் சொல்றீங்களா சார்?” என்றார். கடலே இல்லாத ஊரில் குடியிருப்பவர் போல. ஓக்லண்டில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடல்தான்.

தோற்ற வாக்கெடுப்புக்கு மருந்து ஒன்றுதான். ஹோட்டலில் காகிதம் வாங்கி, ஒரு பக்கத்துக்கு எழுதி, நகலெடுத்து, காலைச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு தட்டின் கீழும் வைத்தேன். தவமணியின் பெயரை எழுதவில்லை. அது அவருடைய கதை. செத்தவனின் பெயர்க் கல் வேறொருவன் வீட்டு ஜன்னலைத் தாங்குகிறது, ஊர் ஊராகப் போன சனமாகிய நாங்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டிருந்தேன். பஸ்ஸில் மறுபடி கை தூக்கச் சொன்னேன். எல்லாக் கையும் எழுந்தது, சுந்தருடையது கடைசியாக. அவர் மனைவி காயத்ரி எட்டிப் பார்த்துச் சொன்னார்: “பரீட்சைக்குக்கூட நான் இப்படி வரி விடாம படிச்சதில்ல சார். இட்லி இல்லாத கோவத்துல வேற என்ன செய்றது?”

அரங்கத்தில் லோகன்

ரோமானிய அரங்கம் கடலைப் பார்த்தபடி, மலையைச் செதுக்கிய வட்டமாக இருக்கிறது. மனிதனை மிருகத்தோடு சண்டை பிடிக்க விட்டு ஊரே உட்கார்ந்து பார்த்த இடம். உள்ளூர் வழிகாட்டி மார்த்தா, மெலிந்த, சிரித்த முகமுள்ள பெண், ஆங்கிலத்தில் விளக்கினார். யார் எந்த வரிசையில் உட்காரலாம் என்பது அந்தஸ்தைப் பொறுத்தது என்றதும் நான் தமிழில் சிறு விரிவுரை ஒன்று நிகழ்த்தினேன். குரலை உயர்த்தவில்லை, அரங்கம்தான் உயர்த்தியது. மேல் படியில் நின்ற ஜேர்மன்காரர்கள் கைதட்டினார்கள்.

லோகன் மட்டும் கவலையாக இருந்தார். ஓனஹங்காவில் டெயரி நடத்துகிறார். பாலும் பாணும் பத்திரிகையும் விற்கும் மூலைக்கடை. எந்த ஊருக்குப் போனாலும் கடை போட இடம் பார்ப்பார். வாசல்களைச் சுற்றி நடந்துவிட்டு வந்து சொன்னார்: “இவ்வளவு சனம் வந்து போன இடம், வாசலில ஒரு டெயரி இருந்த தடயமே இல்லை. பிறகு ஏன் அண்ணை ரோமர் அழிஞ்சு போகமாட்டினம்?”

கழற்றிய செருப்புகள்

அடுத்தது நிலத்துக்குக் கீழே ஓடும் ரோமானியக் கல் வளைவுகள். மேலே, இப்போது தேவாலயம் நிற்கும் இடத்தில், ஒரு கோயில் இருந்தது என்று மார்த்தா சொல்லிக்கொண்டே முன்னால் போனார். நான் நுழைவுச்சீட்டோடு அவர் பக்கத்தில். பின்னால் நடந்தது எனக்குத் தெரியாது. கோயில் என்ற சொல் காதில் விழுந்தது, எதிரே இருட்டான கல் வாசல், உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் எங்கள் சனத்தின் கால் தானாகச் செருப்பைக் கழற்றும். ஒருவர் கழற்ற, எல்லோரும் கழற்றி, வாசலில் அழகாக அடுக்கிவிட்டு வந்திருக்கிறார்கள்.

தோழர்களே, அந்த வளைவுக்குள் நுழைவது ஒரு தெருவில், வெளியேறுவது வேறொரு தெருவில். வெளியே கல் வெயிலில் கொதித்தது. சுந்தர் தவளை மாதிரி நிழலுக்கு நிழல் பாய்ந்தார். சுற்றிக்கொண்டு முதல் வாசலுக்கு வந்தால் செருப்பு ஒன்றும் இல்லை. யாரோ விட்டுவிட்டுப் போனவை என்று நினைத்த காவலாளி, அள்ளி ஒரு தொட்டியில் கொட்டி, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். அந்த ஊரில் மதியச் சாப்பாடு மாலை வரை நீளும். அவர் வந்து, திறந்து, சோடி பிரித்து முடிக்கும் வரை தவமணி சுவரோரமாக நின்று, தெருவின் மேல்முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது எந்தச் சாமியின் கோயில் என்று காயத்ரி கேட்டதற்கு மார்த்தா தந்த பதிலை அப்படியே தருகிறேன்: “அம்மா, இது குதிரைப் பந்தயம் நடந்த இடம். இரண்டாயிரம் வருடத்தில் இங்கே செருப்பைக் கழற்றிய முதல் ஆட்கள் நீங்கள்தான்.”

ஜோர்டியின் வேலை நேரம்

யூதர் குடியிருந்த தெருக்கள் தொடங்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். இரண்டு பழைய கல் வளைவுகளைக் கண்டோம். கல் இருக்கிற வீடு இன்னும் மேலே, நடந்தால் தூரமில்லை, ஆனால் எங்களில் பாதிப்பேர் கொப்புளக் காலோடு நொண்டிகள். அப்போது பஸ் சாரதி ஜோர்டியிடமிருந்து அழைப்பு. உடனே புறப்பட்டால்தான் சட்டப்படி அவர் ஓட்டக்கூடிய நேரத்துக்குள் பார்சிலோனா சேரலாம். பிந்தினால் அவருடைய உரிமத்துக்கு ஆபத்து.

“கையில ஏதாவது குடுத்தா கொஞ்சம் நிப்பாரு சார்” என்றார் சுந்தர். நிற்பார்தான். தொழிலாளி ஏன் நிற்பான் என்பது எனக்குத் தெரியும். மறுக்கப் பயந்து நிற்பான். வேலை நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் கேட்காதே என்று விரியில் கத்தியவன் நான். அந்தக் கத்தலுக்காகத்தான் தெருவில் நின்றேன். இப்போது முதலாளியின் இடத்தில் நின்று ஜோர்டியிடம் அதைக் கேட்க முடியாது. கேட்கவில்லை. நாளைக்கும் கேட்கமாட்டேன். ஆனால் தவமணியிடம் அதைச் சொல்ல வாயெடுத்தபோது, மேடைகளில் ஒரு நாளும் தடுமாறாத நாக்கு தடுமாறியது. அவர் என்னை முடிக்க விடவில்லை. எல்லோரும் கேட்கச் சொன்னார்: “ஓம் அண்ணை, விளங்குது. அந்த மனிசன் வேலை முடிச்சு வீட்டை போகட்டும். என்ர தம்பிக்கு இனி என்ன அவசரம்?”

ஹில்ஸ்பரோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பஸ் பார்சிலோனா சேருவதற்குள் தவமணி காயத்ரியிடம் கதையைச் சொல்லியிருந்தார், பெயரை மட்டும் விட்டுவிட்டு. காயத்ரிக்குச் சொன்னால் பஸ்ஸுக்கே சொன்ன மாதிரி. ஓக்லண்டுக்கு வந்த பிறகு நான் கூட்டம் கூட்டவில்லை, கை தூக்கச் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு பின்னேரம் அவர்களாகவே, தவமணி சொல்லாமல் வந்த பெயரைக் கேட்க, சட்டி பானையோடும் என்னோடும் ஹில்ஸ்பரோவில் அந்த வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். செருப்புகளைச் சோடி மாறாமல் கழற்றி வைத்தார்கள். ராசதுரை கதவைத் திறந்து, யார் இவ்வளவு பேரும் என்று திகைத்து நின்றார்.

மார்த்தா எனக்கு ஒரு காணொளி அனுப்பியிருந்தார். நாங்கள் போன மறுநாள், தன் சொந்த நேரத்தில் அந்த வீட்டின் கீழே போய் நின்று, ஜன்னலுக்கு மேலுள்ள கல்லை எபிரேயத்தில் எழுத்து எழுத்தாக வாசித்திருந்தார். லோகன் அதைத் தொலைக்காட்சியில் போட்டார். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. முடிந்ததும் தவமணி எழுந்தார். பெயரைச் சொல்ல வாயெடுத்தவர், கணவரைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ராசதுரை எழுந்து ஜன்னல் பக்கம் போனார். சாத்தத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் சாத்தவில்லை, எங்களைப் பார்த்துத் திரும்பினார். “ஹூ ஆர் வீ டாக்கிங் அபௌட், அப்பா?” என்றாள் அன்று வேலையில்லாமல் வீட்டில் இருந்த மகள். அவர் அவளுக்குத்தான் பதில் சொன்னார்: “உன்ர மாமா, பிள்ளை. அப்பிடி ஒருத்தர் இல்லையெண்டு விசாக்காரருக்குச் சொன்னவன் நான். இருந்தவன் எண்டு சொல்லவேண்டியவனும் நான்தான். இவையள் எல்லாரும் சாட்சி.”

நான் கண்ட கூட்டங்களில் ஒலிபெருக்கியும் இல்லாமல், துண்டுப்பிரசுரமும் இல்லாமல், என் பேச்சும் இல்லாமல் ஏகமனதாக முடிந்தது அது ஒன்றுதான்; அதன் தீர்மானம் முழுவதையும் ராசதுரை நின்றபடி, திறந்த ஜன்னலுக்கு வெளியேயும் கேட்கும்படி வாசித்தார்: “நாகமுத்து தயாபரன்.”