மருந்து சுரண்டிய குச்சிகள்

சுன்-ரே முப்பது வருடம் நூடுல்ஸ் கடை நடத்தியவள். எரிவாயு சிலிண்டரைக் காலாலேயே உருட்டி அடுப்படிக்குக் கொண்டுபோவாள். பயமென்று ஒன்று அவளிடம் யாரும் பார்த்ததில்லை. ஆனால் சாங்வொன் நகரில், அவள் குடியிருப்புக்கு எதிரே பேருந்துகளுக்கு ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் வருகிறது என்றதும், நெற்றியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு போராட்டத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

நிலையத்தின் கம்பிக்கதவுக்கு உள்ளே, வாயு கசிகிறதா என்று கண்டறியும் கருவிகளைப் பொருத்திக்கொண்டிருந்த பொறியாளர் அவளுடைய மகள் மி-ரான்.

மதியம் கோஷம் ஓயும். கம்பிக்கதவின் இடுக்கு வழியே சோற்றுப் பாத்திரம் உள்ளே வரும்.

"ஆறதுக்குள்ள தின்னுடி. சாப்பாடு முடிஞ்சதும் மறுபடி உங்களைத் திட்டணும்."

"அம்மா, அது காத்தைவிட லேசு. கசிஞ்சாலும் சட்டுனு மேல போயிடும்."

"போகட்டும். உன்னையும்ல கூட்டிட்டுப் போகும்!"

நிலையம் வந்தது. மி-ரான் அதன் பின்தெருவிலேயே வீடு பிடித்தாள். புது வீட்டுக்கு வரும் பெரியவர்கள் தீப்பெட்டி கொடுப்பார்கள், குடும்பம் நெருப்பாய் ஓங்கட்டும் என்று. அண்ணன் தே-கூவுக்கு அம்மா அப்படித்தான் கொடுத்தாள். அந்த ஒரு பெட்டிக்காக மி-ரான் வாசலையே பார்த்திருந்தாள். அம்மா, நுரைபோலப் பெருகட்டும் என்று தரும் சோப்புத்தூளோடு வந்தாள்.

"தீப்பெட்டி எங்கம்மா?"

"இந்த வீட்டுக்கா? எனக்கென்ன கிறுக்கா?"

அடுத்த வசந்தத்தில், நுரையீரலில் கட்டி என்று தெரிந்த பிறகு, மூச்சு வாங்க மாடியேறி வந்து ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். மி-ரான் ஆசையாகத் திறந்தாள். ஒரு குச்சிக்கும் தலையில்லை.

"மருந்தைச் சுரண்டிட்டேன். வாழ்த்து மட்டும் இருக்கு, வெச்சுக்க."

"இன்னும் என்னை நம்பலையாம்மா?"

"உன்னை நம்பறேன்டி. அந்த வாயுவைத்தான் நம்பலை."

அம்மாவின் நகக்கண்களில் சிவப்புப் பொடி அப்பியிருந்தது. மி-ரான் பெட்டியை இழுப்பறையில் போட்டாள்.

இலையுதிர் காலத்தில் அம்மா போய்விட்டாள்.

முதல் வருட நினைவுச் சடங்கு தன் வீட்டில்தான் நடக்க வேண்டுமென்று மி-ரான் அடம்பிடித்தாள். சோறு, மீன், பேரிக்காய் எல்லாம் படத்தின் முன் வைத்தாயிற்று. மெழுகுவத்தி ஏற்ற வேண்டும்.

"லைட்டர் எங்க?" என்றான் தே-கூ.

அவள் இழுப்பறையைத் திறந்து, ஒரு குச்சியை எடுத்து உரசினாள். மறுபடி உரசினாள்.

"ஏய், அதுல மருந்தே இல்ல."

"தெரியும்ணே."

அடுத்த குச்சியை எடுத்தாள்.