ஆறு லட்சம் போகலாம்

என் வீட்டுக்காரரை ஆபீசில் ஜோசியர் என்று கூப்பிடுவார்கள். அவருக்கு அந்தப் பெயர் அறவே பிடிக்காது. ஜோசியராவது நாலு நல்ல வார்த்தை சொல்லி வந்தவரைச் சந்தோஷமாக அனுப்பி வைப்பார். இவர் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து கெட்டதைச் சொல்லி எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்.

வீடியோ கேம் தயாரிக்கிற கம்பெனி அது. ஒரு கேம் வெளிவருவதற்கு முன்னால் அது எத்தனை பிரதி விற்கும், போட்ட பணம் திரும்புமா என்று சொல்வது இவர் வேலை. கேள்விப்படுகிறவர்கள் "அட, ஜாலியான வேலையாச்சே" என்பார்கள். ஜாலியாம்! சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்கிற இடம் போக மீதியெல்லாம் இவருடைய லேப்டாப்பும் வயரும்தான். நான் பிசியோதெரபிஸ்ட். முட்டி மடங்கும் என்றால் மடங்கும், மடங்காது என்றால் மடங்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவள். இவரிடம் குடை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டால்கூடக் குறைந்தபட்சம், நடுத்தரம், அதிகபட்சம் என்று மூன்று பதில் வரும்.

என் தம்பியும் அதே கம்பெனியில்தான் இருந்தான். படம் வரைகிறவன். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு பெண், வழி தவறிய கப்பல்களை ஒவ்வொன்றாகக் கரை சேர்ப்பதுதான் அவன் குழு செய்த கேம். அதில் வரும் கடல் முழுக்கத் தம்பியின் கைவேலை. காலைக் கடல், புயல் கடல், ஒன்றும் செய்யாமல் சும்மா கிடக்கும் கடல் என்று வருஷக்கணக்கில் தண்ணீரையே வரைந்தான். கேம் செலவை எடுத்தால் இரண்டாம் பாகம் உண்டு, இல்லையென்றால் குழுவைக் கலைத்துவிடுவோம் என்று கம்பெனி ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தது. ஆகவே இவர் போடுகிற கணக்கில்தான் என் தம்பியின் பிழைப்பு தொங்கியது. இது போதாதா ஒரு குடும்பம் நிம்மதி கெட?

கேம் ஒரே ஒரு கன்சோலில் மட்டும் வெளிவரும் என்று முடிவாகியிருந்தது. டிவியோடு இணைக்கிற அந்தக் குறிப்பிட்ட மெஷின் வீட்டில் இருந்தால்தான் விளையாட முடியும். மெஷின்காரர்கள் இரண்டு வழி வைத்தார்கள். ஒன்று, மொத்தமாக ஒரு தொகையை முன்னாலேயே கொடுத்துவிடுவார்கள். பெரிய லாபம் இராது, ஆனால் கையைக் கடிக்காது, குழுவும் பிழைக்கும். இன்னொன்று, விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் பங்கு. அதில் நாலு லட்சம் விற்றால்தான் செலவே தேறும்.

இவர் மண்டையை உடைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். எத்தனை வீட்டில் அந்த மெஷின் இருக்கிறது, அதில் எத்தனை பேர் சண்டையில்லாத கேமை விரும்புவார்கள், எத்தனை பேர் விலை குறையட்டும் என்று காத்திருப்பார்கள் என்று சலித்துச் சலித்துப் பார்த்தார். முன்னோட்ட வீடியோவை உலகமே பார்த்ததாகத் தம்பி குதித்தான்.

"பாத்தவங்கள்ல பாதிப் பேர்கிட்ட வேற மெஷின்டா," என்றார் இவர்.

"உங்களுக்கு எதையும் நல்லதா சொல்லவே வராதா அத்தான்?"

குறைந்தபட்சம் ஒன்றரை லட்சம், நடுத்தரம் இரண்டரை, அதிகபட்சம் ஆறு என்று வந்தது. ஆறு என்பது எல்லாம் கூடி வந்தால், பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு. மொத்தத் தொகையை வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று சொல்வதற்காக இவர் மீட்டிங்குக்குப் போனார்.

இந்த 'லாம்' இருக்கிறதே, விவகாரம் பிடித்தது. மழை வரலாம் என்றால் வந்தாலும் வரும், வராமலும் போகும். உள்ளே வரலாம் என்றால் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கம்பெனி எம்.டி. பங்கு வழியில்தான் ஆசையாக இருந்தாராம். இவர் போட்டுக் காட்டிய மூன்று எண்ணில் கடைசி எண்ணில் மட்டும் அவர் கண் நின்றிருக்கிறது.

"ஜோசியரே, ஆறு லட்சம் போகுமா?"

"போகலாம் சார், ஆனா..."

"போகலாம்! ஜோசியரே சொல்லிட்டார். அப்புறம் என்ன, போகலாம்!" என்று மேஜையைத் தட்டிவிட்டார் எம்.டி. எல்லாரும் கை தட்டினார்கள். இவருடைய 'ஆனா' வாயிலேயே நின்றுவிட்டது. விற்றாலும் விற்கும் என்று இவர் சொன்னதை, கிளம்புங்கள் என்று பச்சைக்கொடி காட்டியதாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை தம்பி இனிப்போடு வந்து நின்றான். இவர் முகம் பேயறைந்தது போல இருந்தது. விஷயம் தெரிந்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? 'கஷ்டம் சார்'னு சொன்னா முடிஞ்சுதே!"

"கஷ்டம்னா அதுவும் பொய்தானே. போகறதுக்கு வாய்ப்பு இருக்கே."

இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மறுநாள் எம்.டி.யின் அறைக்கே போய் இரண்டரைதான் என்று அடித்துச் சொன்னார். "நம்ம கேம் மேலயே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டாராம் அவர். நம்பிக்கை வேறு, கணக்கு வேறு என்று இவர் சொன்னது எடுபடவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது. தம்பியிடமும் ஒளிக்காமல் சொன்னார், வேறு வேலை பார்த்து வை என்று. அவன் முகம் சிவந்துபோனது. "என் வேலைய மட்டம் தட்டறதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனவன், அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

கேம் வந்தது. விமர்சனமெல்லாம் ஆகா ஓகோதான். கடலைப் பற்றித் தனியாக எழுதியவர்கள்கூட உண்டு. வேறு மெஷின் வைத்திருந்தவர்கள் எங்கள் மெஷினில் எப்போது வரும் என்று கேட்டார்கள், வரவே வராது என்று தெரியாமல். விற்றது இரண்டு லட்சத்து அறுபதாயிரம். இவர் வாழ்நாளில் இவ்வளவு சரியாக ஒரு கணக்கும் வந்ததில்லை. அதற்காக யாராவது முதுகில் தட்டிக் கொடுத்தார்களா? ஜோசியர் ஆறு என்றார், நம்பிக் கெட்டோம் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. இவரும் அதைக் கேட்டுக்கொண்டு வந்து, லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்.

குழுவைக் கலைத்த வாரம் தம்பி வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். சாப்பிட்டான். பிறகு, பள்ளிப் பையன் சந்தேகம் கேட்பது போலக் கேட்டான்.

"அந்த ரெண்டரைய எப்படி அத்தான் பிடிச்சீங்க?"

இவர் ஆறுதலாக ஏதாவது சொல்லக் கூடாதா? லேப்டாப்பைத் திறந்து விளக்க ஆரம்பித்துவிட்டார். "கேம் நல்லா இருக்கா இல்லையாங்கறது அப்புறம்டா. இந்த ஒரு கேமுக்காகப் புதுசா அந்த மெஷின வாங்கறவங்க எத்தனை பேர்னு பாத்தேன். அந்த இடத்துல கிட்டத்தட்ட சைபர்தான் போட்டேன்."

"நம்ம சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க?"

"அவங்களும்தான். பாராட்டுவாங்க. வாங்க மாட்டாங்க."

தம்பி எங்கள் கூடத்தைப் பார்த்தான். டிவிக்குக் கீழே இருந்த பலகையில் செய்தித்தாளும் என் நோயாளிகளின் எக்ஸ்ரே உறைகளும் கிடந்தன. வேறு ஒன்றும் இல்லை.

"நீயாவது அந்த மெஷின வாங்கியிருப்பேன்னு நெனச்சேன்கா," என்றான். "அந்தக் கடல நீ இன்னும் பாக்கவே இல்ல, இல்ல?"

வீடியோவில் பார்த்தேனே என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் லேப்டாப்பை மூடினார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, எம்.டி. மேலா, மெஷின் மேலா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்த மனிதர் மேலா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சைபர் போட்டிருக்கிறார், அதுவும் சரியாகத்தான் இருந்திருக்கிறது.